மகப்பேறு விடுப்பு, சம்பளம்: இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது அடிக்கடி எழும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வேலை தேடுபவர்கள், வேலை மாற நினைப்பவர்கள், இருக்கும் வேலையிலேயே குழந்தை பெறத் திட்டமிடுபவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்ட பதில்கள் இவை. தனியார் நிறுவனம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ள தொழிற்சாலை, மாநில அரசு, மத்திய அரசு, பொதுத்துறை வங்கி என ஒவ்வோர் இடத்திலும் விதி வேறு. சட்டத்தை முழுதாக ஒப்பிக்காமல், எங்கே பணம் குறைகிறது, எங்கே ஏமாற்றம் வருகிறது என்பதை மட்டும் விரித்திருக்கிறோம்.

இரண்டு நிறுவனமும் "26 வாரம், முழுச் சம்பளம்" என்கின்றன. பிறகு ஒப்பிட என்ன இருக்கிறது?

26 வாரம் என்பது நிறுவனம் தரும் சலுகை அல்ல, 2017 ஏப்ரல் 1 முதல் சட்டம் விதித்த குறைந்தபட்சம். அதைச் சலுகைப் பட்டியலில் முதல் வரியாகப் போட்டிருக்கும் நிறுவனத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்; பெருமையாகச் சொல்ல அதற்கு வேறெதுவும் இல்லாமல் இருக்கலாம். ஒப்பிட வேண்டியது வேறு நான்கு விஷயங்களை. பணத்தை யார் தருகிறார்கள்? எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள்? எத்தனை நாள் வேலை செய்த பிறகு உரிமை தொடங்குகிறது? திரும்பி வரும்போது எந்த நாற்காலி, எந்தச் சம்பளம்? வாரக் கணக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு வேலைகளுக்கு நடுவே இந்த நான்கில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும்.

சட்டம் தரும் குறைந்தபட்சம் என்ன?

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடை, அலுவலகம், நிறுவனங்களுக்கும், தொழிற்சாலை, சுரங்கம், தோட்டங்களுக்கும் இது பொருந்தும். நெடுங்காலம் இருந்தது 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. விடுப்பு அளவுகள் மாறவில்லை. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். முன்னால் குறைவாக எடுத்தால் மிச்சம் பின்னால் சேரும். பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரம் நீங்களே விரும்பினாலும் உங்களை வேலை வாங்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுப்பவருக்கும், வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறுபவருக்கும், குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம் என்று சட்டத்தில் இருக்கிறது.

ஆகவே பழைய நியமன ஆணையிலோ நிறுவனக் கையேட்டிலோ "1961 சட்டப்படி" என்று இருந்தால் பதற வேண்டாம். ஆனால் "சம்பளம்" என்ற சொல்லுக்கான வரையறை மாறியிருக்கிறது. அது கீழே வருகிறது. இந்தப் பக்கத்திலேயே அதிகம் பணம் தொடர்பானது அதுதான்.

பணத்தை நிறுவனம் தருகிறதா, இ.எஸ்.ஐ. தருகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடித்தம் இருந்தால் நீங்கள் காப்பீடு பெற்றவர்; மகப்பேறுப் பணம் இ.எஸ்.ஐ. கழகத்திடமிருந்து வரும். மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள் (மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ.25,000). நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. அதற்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு நிறுவனமே நேரடியாகத் தர வேண்டும்.

இரண்டிலும் 26 வாரம், இரண்டிலும் சராசரி நாள் சம்பளம் முழுதாக. வித்தியாசம் தகுதி நாள்களில் வருகிறது. இ.எஸ்.ஐ.யில் ஆண்டு இரண்டு பங்களிப்புக் காலங்களாகப் பிரியும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பங்களிப்புக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். முதன்முறையாக இ.எஸ்.ஐ.யில் சேர்பவருக்குப் பணப்பலன் தொடங்க ஏறக்குறைய 9 மாதம் ஆகும். மருத்துவ வசதி உடனே கிடைக்கும், பணம்தான் தாமதம்.

இதிலிருந்து இரண்டு சிக்கல்கள் வருகின்றன. ஒன்று, வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதத்தில் பிரசவம் என்றால், வாழ்க்கையிலேயே முதல் இ.எஸ்.ஐ. எண் வாங்கியவருக்குக் கையில் பணம் வராமல் போகலாம். இரண்டாவது, பணம் பழைய சம்பளத்தின் அடிப்படையில் வரும். ஏப்ரலில் ரூ.16,000க்குச் சேர்ந்து, அக்டோபரில் ரூ.19,000 ஆகி, பிப்ரவரியில் விடுப்பில் போகிறவருக்கு ஏப்ரல்–செப்டம்பர் சம்பளம்தான் கணக்கு. மாதம் ரூ.3,000 வீதம் ஆறு மாதத்தில் சுமார் ரூ.18,000 குறையும். அதை நிறுவனம் ஏமாற்றியதாக நினைத்துச் சண்டை போடுபவர்கள் உண்டு. நிறுவனத்தின் மேல் தவறில்லை, கணக்கு முறை அப்படி.

இ.எஸ்.ஐ.க்கு ஒரு பெரிய சாதகமும் இருக்கிறது. காப்பீட்டு எண் உங்களுடையது. நிறுவனம் மாறினாலும் முந்தைய இடத்தில் கட்டிய நாள்கள் கணக்கில் வரும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர், புது இடத்திலும் பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். புதிதாக ஒரு எண் போட்டுவிட்டால் 70 நாள் கணக்கு இரண்டாக உடைந்து, எதிலும் தகுதி வராமல் நிற்கும். மிக அதிகம் நடக்கும் தவறு இதுதான். பெரும்பாலும் அலுவலகத்தில் அவசரத்தில் நடப்பது, திருத்த மாதக்கணக்கில் ஆவது.

சம்பளம் ரூ.21,000ஐத் தாண்டிவிட்டால்?

பங்களிப்புக் காலத்தின் நடுவில் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை இ.எஸ்.ஐ.யிலேயே தொடர்வீர்கள். அதன் பிறகு வெளியே வந்தால் மகப்பேறுப் பணத்துக்கு நிறுவனம் பொறுப்பு. "நீ முன்னால் இ.எஸ்.ஐ.யில் இருந்தாய், அங்கே போய்க் கேள்" என்று சொல்ல முடியாது.

"முழுச் சம்பளம்" என்றால் எது முழு?

சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) நிச்சயமாக இல்லை. அதில் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, பணிக்கொடை, காப்பீட்டுப் பிரீமியம், ஆண்டு இறுதி போனஸ் எல்லாம் சேர்ந்திருக்கும். மகப்பேறுப் பணம் என்பது விடுப்பில் போகும் முன் மூன்று காலண்டர் மாதங்களில் வேலை செய்த நாள்களுக்கான சராசரி நாள் சம்பளம்.

1961 சட்டத்தில் "சம்பளம்" என்பதில் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஊக்கத்தொகை ஆகியவையும் அடங்கியிருந்தன. புதிய தொகுப்பில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் உள்ளே. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, கமிஷன், மிகைநேர ஊதியம் போன்றவை வெளியே. ஆனால் வெளியே வைத்தவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை மறுபடி சம்பளத்தில் சேர்க்க வேண்டும். அதாவது எவ்வளவு சாமர்த்தியமாகப் படிகளாகப் பிரித்தாலும் பாதிக்குக் கீழே போக முடியாது. பாதி வரை போகலாம் என்பதுதான் கவலை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் நிறுவனம் மாதம் ரூ.45,000 தருகிறது, விடுப்பிலும் அதே ரூ.45,000 என்று எழுத்தில் சொல்கிறது. இரண்டாவது ரூ.50,000 தருகிறது, விடுப்பில் சட்ட வரையறைப்படியான சம்பளம் மட்டும், அது ரூ.25,000. ஆறு மாதத்தில் முதலாவதில் ரூ.2,70,000, இரண்டாவதில் ரூ.1,50,000. வித்தியாசம் ரூ.1,20,000. மாதம் ரூ.5,000 கூடுதல் சம்பளம் இந்தப் பள்ளத்தை நிரப்ப 24 மாதம் வேண்டும். அடுத்த ஓராண்டுக்குள் குழந்தை என்று திட்டமிடுபவருக்கு ரூ.45,000 வேலைதான் நல்ல வேலை. நான்கைந்து ஆண்டு கழித்துத்தான் என்றால் ரூ.50,000.

மனிதவளத் துறையிடம் "முழுச் சம்பளமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "விடுப்புக் காலத்தில் என் சம்பளச் சீட்டில் எந்தெந்த வரிகள் அப்படியே வரும், எவை நிற்கும்?" என்று கேளுங்கள். ஷிப்ட் அலவன்ஸ், கேப் அலவன்ஸ், விற்பனை ஊக்கத்தொகை ஆகியவைதான் முதலில் நிற்பவை. ஊக்கத்தொகையே சம்பளத்தில் பாதியாக இருக்கும் விற்பனை வேலைகளில் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாள்கூலி, பீஸ் ரேட் வேலைக்கு எப்படிக் கணக்கு? ஞாயிற்றுக்கிழமைக்கு உண்டா?

உண்டு. தோட்டத் தொழிலாளி ஒருவருக்காக கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள் என்று 1977இல் தீர்ப்பானது. எனவே 26 வாரம் என்பது 182 நாள் கூலி. ஒரு நாளைக்கு ரூ.600 என்றால் ரூ.1,09,200. வாரத்துக்கு ஆறு நாள் என்று 156 நாளுக்குப் போட்டு ரூ.93,600 கொடுத்தால் ரூ.15,600 குறைவு. இந்தத் தவறு இன்னும் நடக்கிறது. கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பீஸ் ரேட்டில் மூன்று மாத மொத்தக் கூலியை வேலை செய்த நாள்களால் வகுத்தால் நாள் சராசரி வரும்.

புது வேலையில் சேர்ந்து எவ்வளவு நாளில் உரிமை வரும்?

நிறுவனம் நேரடியாகத் தரும் இடங்களில், எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில், அதே நிறுவனத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். சம்பளத்தோடு கூடிய சட்ட விடுமுறை நாள்களும், வேலை இல்லை என்று நிறுவனம் தற்காலிகமாக நிறுத்திவைத்த (லே-ஆஃப்) நாள்களும் இந்த 80இல் சேரும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. தகுதிகாண் பருவம் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சட்டத்தில் கிடையாது. "கன்ஃபர்ம் ஆன பிறகுதான்" என்று கையேட்டில் எழுதியிருந்தாலும் சட்டம் அதை மீறி நிற்கும்.

எங்கே சறுக்குகிறார்கள்? ஜூலை 1 சேர்ந்தவருக்கு நவம்பர் 20 பிரசவத் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஐந்து நாள் வேலை. முன்கூட்டியே 8 வாரம் விடுப்பு என்று செப்டம்பர் 25இல் நின்றுவிட்டால் சுமார் 61 நாள்தான் ஆகியிருக்கும், தகுதி போச்சு. அக்டோபர் மூன்றாம் வாரம் வரை வேலை செய்தால் 80 தாண்டிவிடும். மருத்துவர் ஓய்வு சொல்லாத நிலையில், இப்படிப்பட்டவர்கள் விடுப்புத் தேதியைக் குறிக்கும் முன் நாள்காட்டியில் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய நிறுவனத்தில் செய்த வேலை இங்கே சேராது, இ.எஸ்.ஐ.க்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு இது.

நேர்காணலில் கர்ப்பமாக இருப்பதைச் சொல்ல வேண்டுமா?

சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இல்லை. எல்.ஐ.சி. தன் விண்ணப்பத்தில் மாதவிடாய், கர்ப்பம் பற்றிக் கேட்ட கேள்விகளை 1991இல் உச்ச நீதிமன்றம் கண்டித்து நீக்கச் சொன்னது. நியமன ஆணை கைக்கு வந்த பிறகு, சேரும் முன் சொல்வது நடைமுறையில் நல்லது என்பது எங்கள் கருத்து. அந்தப் பதிலைப் பார்த்தாலே மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

ஏஜென்சி மூலம், ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். எனக்கு?

உரிமை உண்டு. தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு விடுப்பு நடுவில் ஒப்பந்தம் முடிந்தாலும், தகுதி வந்துவிட்டால் மகப்பேறுப் பணம் முழுக் காலத்துக்கும் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் இன்னொரு தீர்ப்பு வந்தது. "மார்ச்சோடு கான்ட்ராக்ட் முடிகிறது, ஏப்ரலுக்குப் பணம் கிடையாது" என்ற பதிலுக்கு இந்தத் தீர்ப்புதான் மறுமொழி.

ஒப்பிடும்போது பார்க்க வேண்டியது: சம்பளம் போடுவது யார், நியமன ஆணையில் முதலாளி என்று யார் பெயர், ஏஜென்சி மாறும்போது பணித்தொடர்ச்சி எழுத்தில் உண்டா. ஆண்டுதோறும் ஏஜென்சி மாற்றும் இடங்களில் 80 நாள் கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதாகச் சொல்வார்கள்.

அரசு வேலை என்றால் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. தமிழ்நாடு அரசின் நிரந்தரப் பெண் ஊழியர்களுக்கு, உயிருடன் இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால், முழு ஊதியத்துடன் 12 மாதம். இது 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை 1 முதல் ஓராண்டு என்று வளர்ந்தது. முன்பு விடுப்புக் காலத்தால் தகுதிகாண் பருவம் தள்ளிப்போய்ப் பதவி உயர்வில் பின்தங்கியவர்கள் பலர்; விடுப்புக் காலத்தையும் தகுதிகாண் பருவத்தில் சேர்க்கும் அறிவிப்பு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வந்தது. தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு இந்த 365 நாள் தானாக வந்துவிடாது. "அரசுப் பணி" என்று விளம்பரம் சொன்னாலும் நியமன ஆணையில் எந்த விதி பொருந்தும் என்று பார்க்க வேண்டும்.

மத்திய அரசில் மகப்பேறு விடுப்பு 180 நாள்தான். ஆனால் அதோடு நிறுத்திப் பார்ப்பவர்கள் தவறாக ஒப்பிடுகிறார்கள். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் உண்டு. மூத்த இரண்டு குழந்தைகளுக்கு 18 வயது ஆகும்வரை எடுக்கலாம். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். ஒரு தடவைக்குக் குறைந்தது 5 நாள். ஆண்டுக்கு மூன்று தடவைக்கு மேல் இல்லை, தனித்து வளர்க்கும் தாய்க்கு ஆறு தடவை. பத்தாம் வகுப்புத் தேர்வு வரும் ஆண்டுக்காக இதைச் சேமித்து வைப்பவர்கள் நிறைய. குழந்தை இறந்தே பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பும் 2022 முதல் இருக்கிறது.

பொதுத்துறை வங்கிகளில் ஒரு பிரசவத்துக்கு ஆறு மாதம், பணிக்காலம் முழுவதற்கும் 12 மாதம்.

முதல் பிரசவம் இரட்டைக் குழந்தை. அடுத்ததற்கு 26 வாரம் கிடைக்குமா?

தனியார் சட்டத்தில் கணக்கு பிரசவ எண்ணிக்கை அல்ல, உயிருடன் இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை. இரண்டு குழந்தை ஏற்கெனவே இருப்பதால் அடுத்ததற்கு 12 வாரம். அதில் முன்னால் 6 வாரம் வரை. மூன்றாவது குழந்தைக்கு விடுப்பே கிடையாது என்று தனியார் நிறுவனம் சொன்னால் அது தவறு, 12 வாரம் உண்டு.

அரசு ஊழியர்களில், முதல் திருமணத்தில் இரண்டு குழந்தை பெற்று, மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுப்பு தரச் சொன்னது. கணவரின் முந்தைய மண உறவில் பிறந்த குழந்தைகளைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2022இல் இன்னொரு தீர்ப்பு.

கருச்சிதைவு ஆனால்?

தனியாரிலும் இ.எஸ்.ஐ.யிலும் சான்று காட்டினால் 6 வாரம் சம்பளத்துடன். மத்திய அரசில் பணிக்காலம் முழுவதற்கும் 45 நாள். கர்ப்பத்தால், பிரசவத்தால் வரும் நோய்க்குத் தனியாரிலும் இ.எஸ்.ஐ.யிலும் கூடுதலாக ஒரு மாதம் வரை உண்டு. இதைக் கேட்காமலேயே சாதாரண மருத்துவ விடுப்பைத் தீர்த்துவிடுபவர்கள்தான் அதிகம்.

மருத்துவமனைச் செலவை எப்படி ஒப்பிடுவது?

விடுப்பைப் பற்றி விசாரிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தனியார் மருத்துவமனையில் சிசேரியன் என்றால் ஒரு மாதச் சம்பளம் ஒரே வாரத்தில் கரையலாம். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் பிரசவத்துக்குத் தனி உச்சவரம்பு இருக்கும்; மொத்தக் காப்பீடு ரூ.5 லட்சம் என்பதை நம்பிவிடக் கூடாது. கேட்க வேண்டியவை: சுகப்பிரசவத்துக்கும் அறுவைக்கும் தனித்தனி வரம்பு எவ்வளவு, காத்திருப்புக் காலம் தள்ளுபடியா, குழந்தை முதல் நாளிலிருந்து சேருமா, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைச் செலவு எந்த வரம்பில் வரும். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வரும்வரை விடாதீர்கள். குறைமாதப் பிரசவத்தில் பெரிய பில் அதுதான்.

இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை. இ.எஸ்.ஐ. வசதி இல்லாத இடத்தில் வெளியே பிரசவம் ஆனால், இரண்டு பிரசவம் வரை தலா ரூ.7,500 கிடைக்கும். நிறுவனம் நேரடியாகத் தரும் இடங்களில், பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் இலவச மருத்துவக் கவனிப்பு தராத முதலாளி ரூ.3,500 மருத்துவ போனஸ் தர வேண்டும். சிறு தொகை, ஆனாலும் உங்களுடையது.

திரும்பி வரும்போது என்னென்ன உரிமை?

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட இரண்டு இடைவேளை. 50 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம். ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். சட்டம் இப்படித்தான் சொல்கிறது. நடைமுறையில் காப்பகம் என்பது ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு தனியார் காப்பகத்தோடு போட்ட ஒப்பந்தமாக இருக்கும். நான்கு முறை போய்வர அங்கே யாராலும் முடியாது. நேர்காணலுக்குப் போகும்போதே காப்பகம் எங்கே, எத்தனை மாதக் குழந்தையிலிருந்து சேர்ப்பார்கள், கட்டணத்தை யார் தருகிறார்கள் என்று கேட்டுவிடலாம். ஆறு மாதக் குழந்தையைச் சேர்க்காத, ஒரு வயதிலிருந்து மட்டும் எடுக்கும் காப்பகம் உங்களுக்குப் பயன்படாது.

வீட்டிலிருந்து வேலை என்பது இருதரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டும்; உரிமையாகக் கேட்க முடியாது. விடுப்பு நாள்கள் பணிக்கொடைக்கான தொடர் பணியில் சேரும், போனஸ் கணக்கிலும் வேலை நாளாகச் சேரும். இ.எஸ்.ஐ. பணம் வாங்கும் மாதங்களில் நிறுவனச் சம்பளம் இல்லாததால் பி.எஃப். போகாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு மதிப்பீடுதான் சட்டம் சரியாகத் தொடாத இடம். விடுப்பில் இருந்தவரின் பணி நிலைமைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று இருக்கிறது, ஆனால் "ஆறு மாதம் வேலையே செய்யவில்லை, எப்படி முதல் ரேட்டிங் தருவது?" என்ற கேள்வியோடு ஊதிய உயர்வு நின்றுவிடும். வேலை செய்த மாதங்களை மட்டும் மதிப்பிடுவது அல்லது முந்தைய ஆண்டின் மதிப்பீட்டையே தொடர்வது என்று எழுத்தில் வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. இரண்டு வேலைகள் மற்றதெல்லாம் சமமாக இருந்தால் அந்த ஒரு வரி உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

விடுப்பு முடிந்ததும் ராஜினாமா செய்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

சட்டம் தரும் 26 வாரத்துக்குத் திருப்பிக் கேட்க வழியில்லை. அதற்கு மேல் நிறுவனம் தன் விருப்பத்தில் தரும் கூடுதல் வாரங்களுக்கு "ஆறு மாதம் வேலை செய்யாவிட்டால் திருப்பித் தர வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம்; அதைப் படியுங்கள். விடுப்பில் இருந்துகொண்டே இன்னோர் இடத்தில் வேலை செய்தால் அந்தக் காலத்துக்கான பணத்தை இழக்க நேரும்.

அப்பாவுக்கு?

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள், பிரசவத்திலிருந்து ஆறு மாதத்துக்குள். தனியாரில் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. கணவன் மனைவி இருவரின் நிறுவனக் கையேடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

பத்துப் பேருக்குக் குறைவான கடையில் வேலை. எதுவுமே இல்லையா?

முதலாளி தர வேண்டும் என்று கட்டாயப்படுத்த வழி இல்லை. ஏழைக் குடும்பமாக இருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது: முதல் இரண்டு பிரசவங்களுக்கு, பணம் ரூ.14,000, ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் ரூ.4,000 மதிப்பில், மொத்தம் ரூ.18,000. கர்ப்பம் உறுதியானதும் கிராம அல்லது நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். தாமதமாகப் பதிவு செய்தால் முதல் தவணையிலேயே சிக்கல் வரும்.

விடுப்புக் கேட்கும்போது எதை, எப்போது தர வேண்டும்?

எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும், அந்தக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்ய மாட்டேன் என்ற மூன்றும் அடங்கிய எழுத்துப்பூர்வ அறிவிப்பு. கூடவே மருத்துவச் சான்று, எதிர்பார்க்கும் பிரசவத் தேதியுடன். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை முன்கூட்டியே தர வேண்டும். மிச்சத்தை, குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். பெரும்பாலான நிறுவனங்கள் மாதச் சம்பளமாகவே போடுகின்றன, அது வசதியும்கூட. ஆனால் "திரும்பி வந்த பிறகு மொத்தமாகத் தருகிறோம்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சட்ட மீறல்.

முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க முடியாமல் பிரசவம் ஆகிவிட்டால், கூடிய சீக்கிரம் கொடுத்தால் போதும். அறிவிப்பு வரவில்லை என்பதால் மட்டும் உரிமை போகாது. மருத்துவமனைச் சான்றிலும் ஆதாரிலும் பெயர், முதலெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கோரிக்கை நின்றுபோகும் காரணங்களில் பெயர் வேறுபாடும் தவறான வங்கிக் கணக்கு எண்ணும் முன்னணியில் இருக்கின்றன.

மனிதவளத் துறை வாயால் சொன்னது போதுமா?

போதாது. சலுகைகளை வேலையில் சேரும்போதே எழுத்தில் தெரிவிக்கும் கடமையை 2017 திருத்தம் கொண்டுவந்தது. வேலை ஏற்கும் முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதில் இவ்வளவு இருந்தால் போதும்: "விடுப்புக் காலத்தில் மாதந்தோறும் எனக்கு வரும் தொகை எவ்வளவு, எந்தத் தலைப்புகளில்? தகுதிகாண் பருவத்தில் இருந்தாலும் பொருந்துமா? 26 வாரத்துக்கு மேல் நிறுவனம் தருவது என்ன, அதற்கு நிபந்தனை உண்டா? பிரசவக் காப்பீட்டு வரம்பு எவ்வளவு? விடுப்பு வரும் ஆண்டில் மதிப்பீடு எப்படி?" நேர்காணல் முடிந்து, சம்பளம் பேசி முடித்து, நியமன ஆணை வந்த பிறகு இதை அனுப்புவது நல்லது. கர்ப்பத்தைக் குறிப்பிட வேண்டியதில்லை. கொள்கை விவரம் என்று கேட்டால் போதும்.

பணம் தரவில்லை, அல்லது வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். எங்கே போவது?

மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது நீக்குவதும், நீக்க அறிவிப்புக் கொடுப்பதும் சட்டவிரோதம். நீக்கிய உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். உறவினர் வீட்டில், பிள்ளையோடு, தூக்கமில்லாமல் இருக்கும் காலத்தில் 60 நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், எனவே வீட்டில் வேறொருவரிடம் தேதியைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம், கடை, ஐ.டி. அலுவலகம் போன்றவை என்றால் தொழிலாளர் துறை அலுவலகம், இ.எஸ்.ஐ. பணம் என்றால் முதலில் கிளை அலுவலகம், பிறகு மண்டல அலுவலகம்.

புகாரோடு வைக்க வேண்டியவை: நியமன ஆணை, விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் நகல் அல்லது திரைப்பிடிப்பு, விடுப்பு அறிவிப்பு அனுப்பிய மின்னஞ்சல், மருத்துவச் சான்று, பிறப்புச் சான்று. அலுவலக மின்னஞ்சலை நீக்கும் நாளிலேயே முடக்கிவிடுவார்கள். ஆகவே விடுப்புக்குக் கிளம்பும் முன்பே இவை எல்லாவற்றின் நகலையும் சொந்த மின்னஞ்சலுக்கோ பென்டிரைவுக்கோ மாற்றி வைத்துவிடுங்கள்.